கப்பலுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?

9-5-88, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே தார் செருப்பில் ஒட்டுகிறது. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கப்பல் ஆபீஸ் போனேன். (இனிமேல் க.ஆ. முழுசாக எழுதினால் எரிச்சல் வருகிறது.)

தம்பி செல்வத்தின் டிக்கெட் கைக்கு வந்தது. போர்ட் பிளேர். பங்க் கிளாஸ். 16-ம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் புறப்படும். கடலில் மூன்று நாள். இதுவரைக்கும் சந்தோஷம்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் தம்பிக்கு வலது முட்டி மடங்காது. உள்ளே கம்பி வைத்திருக்கிறது. தாங்குகட்டை இல்லாமல் நடக்க முடியாது. கூட்டத்தில் கப்பல் ஏணி ஏற முடியாது. எத்தனை மணிக்கு வந்தால் முதலில் ஏற்றுவீர்கள்?

கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"கால் முடியாதவங்க, நோயாளிங்க, கைக்குழந்தைக்காரங்க எல்லாரையும் முதல்லயே ஏத்திருவோம்மா."

"எத்தனை மணிக்கு சார்?"

"கூட்டத்துக்கு முன்னாடி."

"கூட்டம் எத்தனை மணிக்கு வரும்?"

"அது கூட்டத்துக்குத்தான் தெரியும்."

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். பெரிய நகைச்சுவை! டிக்கெட்டில் கப்பல் கிளம்பும் நேரம் போட்டிருக்கிறார்கள், ஆள் வரவேண்டிய நேரம் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "இத்தனை வருஷமா யாரும் கேட்டதில்லையேம்மா." கேட்டிருக்க மாட்டார்களா? கேட்டவர்கள் எல்லாம் என்னை மாதிரி வெந்து வெளியே வந்திருப்பார்கள்.

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. குடையைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போக மாட்டேன். இருக்கட்டும் அவர்களிடமே.

10-5-88, செவ்வாய்

காற்றே இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை.

பங்க் கிளாஸ் என்றால் என்ன என்று ஆபீஸில் ஒரு முறை அந்தமான் போய்வந்தவரிடம் விசாரித்தேன். கப்பலின் அடிவயிற்றில் பெரிய ஹாலாம். மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள். நம்பர் கிடையாது. முதலில் போகிறவர்களுக்குக் கீழ்க் கட்டில், பிந்திப் போனால் மேல் கட்டில். செங்குத்தாக ஒரு குட்டி ஏணி வைத்து ஏறவேண்டுமாம். செல்வம் எப்படி ஏறுவான்? மூன்று நாள் தரையில் படுத்துக் கிடப்பதா, எல்லோரும் தாண்டித் தாண்டிப் போக?

எத்தனை மணிக்குப் போவது? இன்று கிடைத்த பதில்கள்:

இவர் (என் வீட்டுக்காரர்தான், வேறு யார்): "நாலு மணிக்குத்தானே கப்பல்? ரெண்டு மணிக்குப் போனா தாராளம்."

ஆபீஸ் மேனேஜர்: "முந்தின நாளே போயிடறது நல்லது."

திருநின்றவூர்ப் பெரியப்பா, தபால்கார்டில்: கர்த்தர் வழிநடத்துவார், நான் வந்து ஜெபித்து அனுப்பிவைக்கிறேன், நான் வராமல் புறப்பட வேண்டாம்.

இதில் கர்த்தர் ஒருவர்தான் மணியைச் சொல்லாமல் தப்பித்தார்.

இவருக்கு ரெண்டு மணி தாராளமாகத்தான் தெரியும். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வண்டி உள்ளே நுழையும்போது நுழைகிற மனிதர். பதினெட்டு வருஷமாக அவருக்கு இடம் தயார். திருநின்றவூரில் ஏறுகிற சிநேகிதர் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைத்திருப்பார், இவர் அம்பத்தூரில் ஏறி, கைக்குட்டையை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு உட்காருவார். மகாராஜா. போன மாதம் நான் தலைவலியோடு அதே வண்டியில் ஏறினேன். பெட்டியில் ஆறு இடம் காலி. ஆறிலும் கைக்குட்டை. சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போனேன். ஒரு துணிக்கு உள்ள மரியாதை ஒரு பொம்பளைக்குக் கிடையாது.

அதைப் பேசப்போனால் இவர், "அது பழக்கம் கிரேஸு." பழக்கமாம்!

11-5-88, புதன்

எங்கள் மேனாம்பேடு பூராவும் கரண்ட் இல்லை. விசிறி வாங்க வேண்டும் (பனையோலை).

ரெண்டு வீடு தள்ளி இருக்கிற காசி வந்தான். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. மூன்று பெண்பிள்ளைகள். நல்ல மனுஷன், குரல்தான் தெரு முழுக்கக் கேட்கும்.

"இன்னாக்கா, தம்பி கப்பலுக்குப் போவுதாமே? காலீல ஆறு மணிக்கே கேட்டாண்ட வந்து குந்திக்கணும்."

"ஆறு மணிக்கு வந்து நாலு மணி வரைக்கும் வெயில்லயா காசி?"

"அப்போ ஒண்ணு பண்லாம். நம்ம பசங்க காலீலயே சாமான் ஏத்தறதுக்கு உள்ள பூடுவாங்கோ. ஒரு துண்டு குடு. கீய் பங்க்குல போட்டுட்டு வந்துர்றேன். துண்டு போட்ட எடத்த ஒரு பய தொட மாட்டான்."

கப்பலிலுமா! பஸ்ஸில் துண்டு, ரயிலில் கைக்குட்டை, கல்யாணப் பந்தியில் பர்ஸ், இப்போது சமுத்திரத்திலும் துண்டு. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி முதலில் ஏற உரிமை உள்ளவன். க.ஆ.வில் அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். அந்த உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து போகாமல், துண்டு போட்டுத் திருட்டுத்தனமாக ஏன் போகவேண்டும்? காசியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், துண்டுப் பேச்சே வேண்டாம் என்று.

"உன் இஷ்டம்க்கா" என்று போனான். இவர் திண்டாடின மாதிரி கையைப் பிசைந்துகொண்டு அவனை வழியனுப்ப வாசல் வரை போனார். இவ்வளவு மரியாதை எதற்கோ.

என் முடிவு: காலை ஏழு மணிக்கு வேன். ஒன்பது மணிக்குத் துறைமுக கேட். கூட்டத்துக்கு முன்னாடி.

12-5-88, வியாழன்

டாக்டரிடம் செல்வத்தின் காலுக்கு சர்டிபிகேட் வாங்கினேன். அதைக் காட்டினதும் வீட்டில் வெடித்தது.

"நான் நொண்டி வரிசையில நிக்க மாட்டேன்க்கா."

"அது நொண்டி வரிசை இல்லடா, முன்னுரிமை."

"நீ எந்தப் பேரு வெச்சாலும் நிக்கிறவன் நான்தானே? எல்லார் முன்னாடியும் முதல்ல போகும்போது கப்பல் பூராவும் என் காலைத்தான் பாக்கும்."

அவனுக்கு இருபத்தொன்பது வயது. ரெண்டு வருஷத்துக்கு முன் பாடியில் இருக்கிற லேத் பட்டறை விட்டு சைக்கிளில் வரும்போது லாரி இடித்தது. அதிலிருந்து வேலை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனை கம்பெனி ஏறி இறங்கியிருப்பான். கணக்கு வேலை, ஸ்டோர்ஸ் வேலை, உட்கார்ந்து செய்கிற வேலைதான் கேட்டான். எல்லோரும் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, எழுந்து போகும்போது காலைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. படுபாவிகள்.

இப்போது போர்ட் பிளேரில் ஒரு மர டிப்போவில் கணக்கு எழுதுகிற வேலை. அங்கே இருக்கிற கூட்டாளி அந்தோணி பேசி வைத்தது. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தக் கப்பலில் வந்தால் வேலை, இல்லையென்றால் உள்ளூர் ஆள் ரெடி. அடுத்த கப்பல் மாதக் கடைசியில்தான். அதனால் திங்கட்கிழமை அவன் ஏறியே ஆகவேண்டும். அங்கே இறங்கும்போது கால் வீங்கிக் கிடக்காமல், எழுந்து நடக்கிற நிலைமையில் இறங்கவும் வேண்டும்.

இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம். சாப்பிடாமல் எழுந்துபோனான். சர்டிபிகேட்டை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் காட்டாவிட்டால் நான் காட்டுவேன்.

14-5-88, சனி

துவைத்தேன். இவருடைய பச்சைக்கரைத் துண்டைக் காணோம். கொடியில் நான்தான் போட்டேன். "காத்துல போயிருக்கும்" என்கிறார். காற்றா! ஒரு வாரமாக முருங்கை இலை அசையவில்லை. தெருவில் எவளோ எடுத்துவிட்டாள். துண்டைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா இந்த ஊரில்.

செல்வம் பேசுகிறான், ஆனால் "உப்பு", "தண்ணி" என்ற அளவில்.

15-5-88, ஞாயிறு

கோயிலில் பாதிரி ஐயர் செல்வத்துக்காக ஜெபித்தார். அதற்கப்புறம் வாசலில் ஒவ்வொருவராக, "நாங்களும் வழியனுப்ப வர்றோம் கிரேஸு." போகிறவன் ஒருத்தன். வழியனுப்ப வேன் நிறைய ஆள். வேண்டாம் என்றால் மனஸ்தாபம்.

பெட்டியில் வைத்தது: வேட்டி 2, சட்டை 4, பேண்ட் 2, பாயும் தலையணையும், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, இஞ்சி (வாந்திக்கு), கால் தைலம், பைபிள், தபால்கார்டு பத்து.
வைக்க மறந்தது: சோப்பு டப்பா, பிளாஸ்க். காலையில்.

செல்வமும் இவரும் மொட்டை மாடியில் நெடுநேரம் குசுகுசு. நான் போனதும் பேச்சு நின்றது. என்ன ரகசியம் என்றால், "ஒண்ணுமில்ல, கடல் பத்தி." இந்த மனுஷன் மெரினாவில் காலை நனைத்ததோடு சரி.

16-5-88, திங்கள்

இப்போது சாயங்காலம்.  வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு வேன் வந்துவிட்டது. வழியனுப்புகிறவர்கள் குளித்துப் பவுடர் போட்டு வந்துவிட்டார்கள். பெரியப்பா வரவில்லை. அவர் வராமல் புறப்படக் கூடாது. எங்கள் குடும்பத்தில் ஆவடிக்குப் போவதென்றாலும் பெரியப்பா தலையில் கைவைத்து ஜெபித்தால்தான் கால் வாசலைத் தாண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படி. நான் ஒருத்தி, "போயிடலாம், அவர் நேரா துறைமுகத்துக்கு வரட்டும்" என்று சொன்னேன். வேனில் ஏறின அத்தனை பேரும் என்னை அந்நியப் பொம்பளை மாதிரி பார்த்தார்கள்.

ஏழரைக்கு வந்தார். வண்டி லேட்டாம். வந்து, காபி குடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்து. அதற்குள் வேன் டிரைவர், "ஏழரை ஒம்பது ராவு காலம்மா, இப்ப வண்டிய எடுக்க மாட்டேன்" என்று ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டார்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "நமக்கு ஏதுப்பா ராகு காலம்? கர்த்தருடைய நாள் எல்லாமே நல்ல நாள். ஜெபம் பண்ணிட்டு இப்பவே கிளம்புவோம்" என்று கண்ணை மூடினார்.

மூடினவர் திறக்கவில்லை. வேதபாடம். ஒரு பாட்டு. அப்புறம் ஜெபம். செல்வம் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். காய்ச்சலில் பிழைத்தது, பத்தாவது பாஸானது, பாடியில் லாரி இடித்தது, லாரி டிரைவருக்காகவும் ஒரு வரி, அப்புறம் கப்பல் மாலுமிகள், கடல், காற்று, மர டிப்போ முதலாளி. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். செல்வம் தாங்குகட்டையில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் நாற்காலியை இழுத்தேன். சத்தம் கேட்டுப் பெரியப்பா ஜெபத்தில் எனக்குப் பொறுமையும் கேட்டார்.

ஆமென் சொன்னபோது மணி சரியாக ஒன்பது. டிரைவர் புன்சிரிப்போடு வண்டியை எடுத்தார். அவருடைய ராகு காலத்தை எங்கள் பெரியப்பாவே கழித்துக்கொடுத்துவிட்டார்.

பாடியில் லாரி வரிசை. ஒரு மணி நேரம் நகரவில்லை. துறைமுக கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை.

வெள்ளைச் சட்டை அதிகாரியிடம் சர்டிபிகேட்டை நீட்டினேன்.

"இது சரிதாம்மா. ஆனா இவங்களை எல்லாம் பதினோரு மணிக்கே கூப்பிட்டு ஏத்தியாச்சு. இனிமே பொது வரிசைதான்."

"பதினோரு மணின்னு எங்கே சார் போட்டிருக்கு?"

"மைக்ல சொன்னோமே."

மைக்கில் சொன்னார்களாம்! அம்பத்தூர் வரைக்கும் கேட்குமா மைக்? ஒரு வாரம் முன்னாடி க.ஆ.வில் நேரில் நின்று கேட்டபோது வாயில் வராத பதினோரு மணி, நாங்கள் இல்லாதபோது மைக்கில் வருகிறது. இதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து சாமான் ஏற்றுகிற ஆள் ஒருவன் எங்களைத் தாண்டி உள்ளே போகிறான். தோளில் மூட்டை இல்லை. ஏழெட்டுத் துண்டுகள்! சிவப்பு, நீலம், கட்டம் போட்டது. சிரித்துக்கொண்டே போகிறான். அவ்வளவுதான். எனக்குள் பதினெட்டு வருஷத்துக் கைக்குட்டைகளும் சேர்ந்து எழுந்தன.

"சார், முதல்ல ஏத்த வேண்டிய ஆளு வெயில்ல நிக்கிறான். உள்ளே துண்டு படுத்திருக்கு! துண்டுக்கு டிக்கெட் இருக்கா சார்? துண்டுக்குக் கால் முடியலையா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "அந்தம்மா கேக்கறது நியாயம்தானே!" "துண்டை எல்லாம் எடுத்துப் போடுய்யா!" சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. ரெண்டு ஆளைக் கூப்பிட்டு, "கீழ போயி ஒரு துண்டு விடாம வாரிட்டு வாங்க" என்றார்.

வாரிக்கொண்டு வந்தார்கள்! கேட் பக்கத்தில் கொட்டினார்கள். ஒரு குவியல். நூறு துண்டு இருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தி ஒரு காரியம் நடந்தது.

திரும்பிப் பார்க்கிறேன், செல்வம் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"போதும்க்கா. எல்லாரும் என் காலைத்தான் பாக்குறாங்க."

 ஒரு மணிக்கு கேட் திறந்தது. பெட்டியைக் கூலியாள் தூக்கிக்கொண்டான். இவன் கட்டையை ஊன்றி ஊன்றிக் கூட்டத்துக்குள் போனான். பெரியப்பா கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். எல்லோரும் கையசைத்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தது இவரை. என்னை அல்ல.

வேனில் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். இவர் மட்டும் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிளாஸ்க் வேனிலேயே கிடந்தது.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

காசி வந்தான். வாசலில் நின்றே கத்தினான்.

"யக்கா, மோசம் பூட்டோம்! எவளோ ஒருத்தி கேட்டாண்ட நின்னுகினு தொண்ட கிய்ய கத்துனாளாம். ஆபீசர் உட்டு எல்லாத் துண்டையும் வாரிட்டான். நம்ம துண்டும் பூடுச்சு! ஏணியாண்ட, ஃபேனுக்கு நேரா, கீய் பங்க்கு. காலீல ஆறு மணிக்கே அண்ணாத்தே குட்த்த பச்சக்கரத் துண்ட நானே போட்டேன். அந்தப் பொம்பள மட்டும் என் கைல மாட்னா..."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். காசி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தான். மெதுவாகப் புரிந்தது அவனுக்கு.

"நீயாக்கா?"

காபி போட உள்ளே போனேன். பால் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

17-5-88, செவ்வாய்

மேகம் மாதிரி வந்தது, மழை இல்லை. லீவை நீட்டவில்லை, ஆபீஸ் போனேன். 'போல்ட்' என்று டைப் அடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'போர்ட்' என்று அடித்தேன். மேனேஜர் பேப்பரைத் திருப்பி அனுப்பினார்.

காலையில் இவரோடு சண்டை. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். இந்த வீட்டில் இவருக்குத் தெரியும், காசிக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியும். லீவு போட்டு வெயிலில் அலைந்தவளுக்கு மட்டும் தெரியக்கூடாது! துண்டு காற்றில் போச்சாம். வாய் கூசாமல் சொன்னார்.

அப்புறம் இவர் சொன்னதுதான் மனசை அறுக்கிறது. மொட்டை மாடியில் துண்டைப் பற்றிச் சொன்னபோது செல்வம் உடனே சரி என்றானாம். முன்னுரிமைக்கு அவ்வளவு முரண்டு பிடித்தவன்.

"ஏன்டா, இதுக்கு மட்டும் சரிங்கறேன்னு கேட்டேன். 'துண்டு எல்லாரும் போடறதுதானே அத்தான். அதுல என் காலைப் பத்தி எழுதியில்லையே'ன்னான்."

எல்லோரையும் போல அவன் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்திருப்பான். ஒருத்தரும் அவன் காலைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஊரைக் கூட்டி, அவன் காலைக் காட்டி, அவன் இடத்தையும் வாரிப் போட்டுவிட்டேன்.

இருந்தாலும் அந்த ஆள் தோளில் ஏழெட்டுத் துண்டு போட்டுக்கொண்டு சிரித்தது சரியா? சரியில்லை. இன்றைக்கு அவன் போனாலும் கேட்பேன். அதிலும் மாற்றமில்லை.

18-5-88, புதன்

இரண்டாம் நாள். இப்போது நடுக்கடலில். மேல் பங்க்கா? தரையா? தரையில் ஈரம் இருக்குமா?

பெரியப்பாவிடமிருந்து கார்டு. வழியனுப்பு நல்லபடி நடந்ததற்காகத் தோத்திரம், உன் பொறுமைக்காக ஜெபித்துவருகிறேன். கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்டிவைத்தேன், பெரிய மனுஷர்.

காசி தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். அவன் பெண்டாட்டி அஞ்சலைதான் குழாயடியில், "வுடுக்கா, அந்தத் துண்டு வெவகாரம் என்னிக்கிருந்தாலும் ஒரு நாளு வெடிக்கத்தான் போவுது" என்றாள். இந்தத் தெருவில் நியாயம் தெரிந்த ஒருத்தி.

இவர் இன்று ரயிலில் நின்றுகொண்டே போனாராம். யார் கேட்டது? இதில் என்ன எனக்கு லாபம்? நன்றாக உட்கார்ந்து போகட்டும்.

19-5-88, வியாழன்

இன்று இறங்கியிருக்க வேண்டும். தெருமுனை மருந்துக்கடை ஃபோன் நம்பரைத்தான் அவனிடம் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் மூன்று முறை போய், தேவையில்லாமல் தலைவலி மாத்திரை வாங்கிவந்தேன். மூன்றாம் முறை, "ஃபோன் வந்தா ஆளை அனுப்பறேன்மா, வீட்ல இருங்க" என்றார். வரவில்லை.

கோபமாக இருப்பான். இருக்கட்டும். கோபமாக இருந்தாலும் நலமாக இருக்கட்டும்.

20-5-88, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்துக்கடைப் பையன் ஓடிவந்தான், "ட்ரங்க் கால்!" அடுப்பில் குழம்பு. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இவர் பின்னாலேயே, செருப்பில்லாமல்.

"அக்கா?"

கடல் தாண்டி வருகிற குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"செல்வம், கால் எப்படிடா இருக்கு?"

"வீக்கம் இல்லை. இன்னிக்கு வேலையில சேர்ந்துட்டேன். முதலாளி பரவாயில்லை."

"எங்கேடா படுத்தே?"

 ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நம்ம துண்டு மட்டும் தப்பிச்சிருக்குமோன்னு உள்ளே இறங்கிப் பார்த்தா இல்லைக்கா. கீழ எல்லாத்துலயும் ஆள் உக்காந்துட்டாங்க. பெட்டி மேல உக்காந்திருந்தேன். கப்பலும் கிளம்பிருச்சு. யாராவது பார்த்துட்டு எழுந்திருப்பாங்கன்னு பார்த்தேன். ஒருத்தனும் பாக்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எழுந்து நின்னு கத்தினேன். எனக்கு முட்டி மடங்காது, மேல ஏற முடியாது, கீழ் பங்க் வேணும், யார் எழுந்திருக்கிறீங்கன்னு. உன்னை மாதிரியே."

"யாராவது எழுந்தாங்களா?"

"மூணு பேரு."

இவர் என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். "துண்டு என்னாச்சுன்னு கேளு." இந்த நேரத்தில் துண்டு! அவர் கையைத் தட்டிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கப்பல் பூரா, மூணு நாளும், கேட்ல கத்தின பொம்பளையைத் திட்டிக்கிட்டே வந்தாங்க. மேல் பங்க்காரங்க ஒருத்தர் விடாம. யாரு அவ, எங்கேருந்து வந்தான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு நாள் வாயைத் திறக்கலை. மூணாம் நாள் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"எங்க அக்கான்னு."

அதோடு லைன் போய்விட்டது. ரிசீவரைக் கீழே வைக்க மனசு வரவில்லை. மருந்துக்கடைக்காரர் கையை நீட்டினார்.